இடது பக்கம் என்னுடையது

ஒரே காருக்காக நானும் என் வீட்டுக்காரரும் மல்லுக்கு நின்றோம். களிமண் கார்தான், ஆனால் நிஜ அளவு. புது மாடலை முதலில் இப்படி மண்ணில் செய்துதான் பார்ப்பார்கள். இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அவருடையது. மேலாளர் அம்மா பார்த்துச் சொல்லும் பக்கம்தான் நாளைக்கு ரோட்டில் ஓடும்.

என் வீட்டுக்காரர் பதினைந்து வருடமாகக் கார் செய்கிறவர். நான் சிலை செய்துகொண்டிருந்தவள், இங்கே வந்து ஆறு மாதம்தான். என் பக்கம் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சிலை நிற்கும், கார் ஓட வேண்டும் என்று இவர் வேறு சாப்பிட உட்காரும்போதெல்லாம் சீண்டுவார். நிற்கிறதை ஓடுகிற மாதிரி காட்டுவதுதானய்யா என் தொழிலே என்று எத்தனை தரம் சொல்வது?

அன்று காலை மண்மேல் வெள்ளித்தாள் ஒட்டினோம். மேலே எரியும் டியூப்லைட்டின் ஒளி அதில் கோடாக ஓடும். மண்ணில் மயிரிழை மேடு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். முன்சக்கரத்துக்கு மேலே கிளம்பிய என் கோடு, பின்கதவுக்கு வந்ததும் நொண்டியது. அம்மா வர இருபது நிமிடம்தான் இருந்தது.

தாளை உரித்தேன். சீவுவதற்கு ஆள் நீள இரும்புப் பட்டை இருந்தது. இரண்டு முனையிலும் ஆள் பிடித்தால்தான் அதை இழுக்க முடியும். அறையில் இருந்ததோ ஒரே ஆள், என் எதிராளி. அவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். மண் சுருள் சுருளாக உதிர்ந்தது. மறுபடி தாள் ஒட்டித் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒளி வழுக்கிக்கொண்டே போயிற்று. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

அம்மா வந்தார். வலது பக்கம் நின்று தலையாட்டினார். இடது பக்கம் வந்தவர் அந்த ஒளியின் கூடவே நடந்தார். திரும்பி வந்து இன்னொரு தரம் நடந்தார். தொடக்கூடாது என்று எழுதி ஒட்டியவரே உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"இதான். நிக்கும்போதே ஓடுது."

அம்மா போனதும் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. காருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் நான்கு மாத உழைப்பை இனி வழித்துப் போட வேண்டும். திறந்த வாய் அப்படியே நின்றது.

அவர் பட்டையைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போனார்.

"வேடிக்கை பாத்தது போதும். வந்து அந்த முனையப் பிடி."