தலை நுழையாத சட்டை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் தம்பி மனைவி. கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைப்பவள்.

"நீங்க எழுதுறவர்தானே அத்தான். நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதை மட்டும் எழுதிக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

2

முதல் தொடக்கம்: பிரசவ அறைக்கு வெளியே மழை பிடித்துக்கொண்ட

(மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஸ்கேன் திரையில் குழந்தையின் தலை மேலே, பிட்டம் கீழே. தம்பி சிரித்தான். "அம்மா மாதிரியே தையல் மிஷின் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்திருக்கு பாரு."

"மிஷின்ல யாருய்யா சம்மணம் போடுறாங்க?" என்றாள் அவள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சுகப்பிரசவம் முயற்சி பண்ணலாம், குழந்தைக்கு ஆபத்து கொஞ்சம் ஜாஸ்தி. ஆபரேஷன்னா உங்களுக்குச் சிரமம். நீங்கதாம்மா முடிவு பண்ணணும்."

"தலை கடைசில வந்தா மாட்டிக்காதா டாக்டர்? பச்சப்புள்ளைக்கு உடம்பை விடத் தலைதானே பெரிசு. அதனாலதான் நாங்க தோள்ல பட்டன் வச்சுத் தைக்கிறோம்."

"அபூர்வமா மாட்டும்."

3

இரண்டு நாள் யோசித்து, சுகப்பிரசவத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். [இங்கே 'துணிச்சலுடன்' என்றிருந்தது. பொய். எடுத்துவிட்டேன்.] அவள் கைப்பையில் மடித்த செய்தித்தாள் ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கால்கள் வந்தன. உடம்பு வந்தது. தோள் வந்தது. தலை

4

முடிவு அ: ஆபரேஷன். குழந்தை அழுகிறது. இதைக் கொடுத்தால், பிள்ளையைக் கொன்றது தன் கையெழுத்துதான் என்று ஆயுளுக்கும் நம்புவாள்.

முடிவு ஆ: ஆபரேஷன் செய்தும் குழந்தை பிழைக்கவில்லை. இதைக் கொடுத்தால், கற்பனையில்கூட அவளுக்கு ஒரு பிள்ளை மிஞ்சாது.

ஆறு நாளாக இரண்டையும் மாற்றி மாற்றித் திருத்துகிறேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

5

அந்தச் செய்தித்தாள். அதில் இருந்தது நான் எழுதிய கட்டுரை. தேவையில்லாமல் செய்யப்படும் பிரசவ ஆபரேஷன்களைப் பற்றியது. 'வயிற்றில் குழந்தையின் தலை மேலே இருந்தால் இது பொருந்தாது' என்றொரு வரியும் முதலில் எழுதியிருந்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை. அந்த வரியை நானேதான் வெட்டினேன்.

அது அவளுக்குத் தெரியாது.

6

ஞாயிறு, காலை பத்து மணி. வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். மேசையில் மூன்று கதைகள் இருக்கின்றன: அ, ஆ, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இது.

"எழுதியாச்சா அத்தான்?"

எதை எடுத்து நீட்டட்டும், சொல்லுங்கள். சீக்கிரம். உள்ளே வந்துவிட்டாள், கையை நீட்டிவிட்டாள்.

"எதுவானாலும் கொடுங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."