வேல்விழியின் கம்ப்யூட்டரில் மெரூன்

1

போன மாதம் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ விக்கி விக்கி ஓடியது. அந்த எரிச்சலில் பிறந்த கதை இது. நான் பார்த்துக்கொண்டிருந்தது சமையல் வீடியோ. அதை வைத்துக்கொண்டு யார் கதை எழுதுவது? கம்ப்யூட்டரைத் தூக்கி வேல்விழி வீட்டில் வைத்தேன்.

‘வேல்விழி ஜன்னலோரம் அமர்ந்து வானத்தை’

வேண்டாம். வானம் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?

2

வேல்விழி ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; ஆர்டர் துணி சரியா என்று பார்ப்பது அவள் வேலை. அம்மை போட்டு, வாசலில் வேப்பிலை செருகி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வழக்கமாக சாயம் போட்ட துணியைக் கையில் வாங்கி, துணி வாங்கும் பையர் ஓகே செய்த சாம்பிளோடு வைத்துப் பார்ப்பாள். அம்மை வீட்டுக்குள் துணி வந்துபோகக் கூடாதே. அதனால் வீரபாண்டி சாயப்பட்டறையிலிருந்து இரண்டையும் வீடியோ எடுத்து அனுப்பினார்கள்.

அனுப்பியவன் அவள் தம்பி முனீஸ், அங்கே டையிங் மாஸ்டர். [தம்பியா, யாரோ ஒருவனா என்று வெகுநேரம் குழம்பினேன். தம்பிதான்.] போன முறை சாயம் போட்ட லாட்டில் கலர் மாறிவிட்டது. இன்னொன்று மாறினால் வேலை போய்விடும் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

வீடியோ விக்கியது. கலங்கிய திரையில் இரண்டு துணியும் ஒரே மெரூனாகத் தெரிந்தன. போனில் முதலாளி தரணீதரன்.

“ஏனுங்க வேல்விழி, துணி இங்க வந்திறங்கிருச்சுங்க, கலர் ஓகேங்களா? கட்டிங்குக்குத் துணி விரிக்கச் சொல்லட்டுங்களா?”

“ஓகே சார். விரிக்கச் சொல்லுங்க.”

(கொஞ்சம் பொறுக்கக் கூடாதா, பெண்ணே?)

3

மனசு கேட்கவில்லை. ரிப்பேர் பார்க்கும் அந்தோணிராஜைக் கூப்பிட்டாள்.

“வீடியோவுல குத்தமில்ல மேடம். திரையில படம் காட்டுற சாஃப்ட்வேர், கிராபிக்ஸ் டிரைவர், போயிருக்கும். டிவைஸ் மேனேஜர்ல டிஸ்பிளேயை விரிச்சுப் பாருங்க. கார்டு பேரு வருதா?”

“பேசிக்னு மட்டும்தான் இருக்கு.”

“அதான். நான் அனுப்புற டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.”

திரை கறுத்தது. [அவள் நெஞ்சு படபடத்தது என்று எழுத வந்து விட்டுவிட்டேன். என்னுடையதுதான் படபடத்தது.]

வீடியோ இப்போது விக்காமல் ஓடியது. இடது பக்கம் சாம்பிள், நல்ல மெரூன். வலது பக்கத்துத் துணியில் பழுப்பு ஏறியிருந்தது. வெட்டிய துணியை மறுபடி சாயத்தில் முக்க முடியாது. மொத்த லாட்டும் குப்பைதான்.

4

முடிவு அ: முதலாளிக்குச் சொல்கிறாள். கட்டிங் நிற்கிறது. தம்பி பெட்டியோடு ஊருக்கு பஸ் ஏறுகிறான்.

முடிவு ஆ: டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பழைய கலங்கல் திரும்பிவிடும். ‘எனக்கு ஒரே கலராத்தான் தெரிஞ்சுது சார்’ என்று யாரிடமும் சொல்லலாம். பழி திரைக்கு, தம்பி வேலை தம்பிக்கு.

எனக்கும் அப்படி ஒரு பட்டன் உண்டு. இரண்டாம் பகுதிக்குப் போய் ‘தம்பி’யை அழித்தால் போதும். போனேன். முடியவில்லை. அவனுக்கு மனசுக்குள் அவள் மூக்கையே வைத்துவிட்டேன்.

முனீஸ் கூப்பிட்டான்.

“அக்கா, வீடியோ தெளிவா தெரியுதா?”

“இப்பதான்டா தெரியுது.”

“ரெண்டையும் ஓரத்தோட ஓரம் ஒட்டித்தான் வச்சேன். என் வாயால சொல்ல வரலக்கா. நீ பாத்துருவேன்னு நெனச்சேன்.”

வேல்விழியின் ஒரு கையில் முதலாளி நம்பர், மறு கைக்கடியில் அந்தப் பட்டன்.

நான் எழுதிய முடிவை அழித்துவிட்டேன். மௌஸை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். சீக்கிரம் பிடியுங்கள், அங்கே துணி விரித்து முடித்துவிட்டார்கள்.