பாலாடை படியாத குழாய்

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மனித இனமே புளுகு மூட்டை என்ற முடிவுக்கு ஆய்வகத்து அக்கா வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அன்று ரொட்டிக் கடைக்காரரின் ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தபோது, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. நான்கு நாளைக்கு முன்பும் இதே கதைதான்.

"என்னண்ணே, வெண்ணெய் டப்பாவுக்குள்ளயே படுத்துத் தூங்குனீங்களா?"

"இல்லம்மா. நேத்து ஏழு மணிக்கு ரெண்டு ரொட்டி. அதோட சரி."

"தின்ன கொழுப்பு ரத்தத்துல மிதக்குது. இந்த வயசுல பொய் சொல்ல வெக்கமா இல்ல?"

அவர் மேல்வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பரிசோதனை முடிவு வந்தால்தான் மாடியில் இருக்கும் டாக்டர் வலிக்கு மருந்து தருவார்.

"வலி தாங்கலம்மா."

"வாயக் கட்டிட்டு வாங்க, தானா நிக்கும்."

அளந்து பார்க்காமலே அவரை அனுப்பிவிட்டு, அந்த வெளுத்த நீரைத் தனிக் குழாயில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள். தின்ற கொழுப்பு ஓர் இரவுக் குளிரில் பாலாடையாக மேலே திரண்டுவிடும். அடுத்த முறை வரும்போது அதை அவர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மனிதருக்கு எதற்கெல்லாம் ஆசை வருகிறது!

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தாள். பாலாடை இல்லை. அடிவரை ஒரே வெள்ளை.

அவளுக்கு முகம் சுண்டியது. இது தின்ற எண்ணெய் அல்ல. அவருடைய ஈரலே மாவையும் சர்க்கரையையும் கொழுப்பாக்கி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவசரமாக அளந்து பார்த்தாள். கணையத்தையே புண்ணாக்கிவிடும் அளவு. அந்த வலி அதனால்தான்!

தொலைபேசியை எடுத்தாள். "அண்ணே, ஆய்வகத்துலேர்ந்து பேசுறேன்."

"சத்தியமா இன்னைக்கும் சாப்பிடலம்மா!"

"தெரியும்ணே. நேத்தும் நீங்க சாப்பிடாமதான் வந்தீங்க. ஆமா, தினமும் என்னதான் சாப்பிடுவீங்க?"

"எண்ணெய், வெண்ணெய் தொடுறதே இல்ல. வெறும் ரொட்டியும் டீயும். அடுப்புச் சூட்டுக்கு ஒரு பத்து டீ ஆயிடும்."

"சர்க்கரை?"

"ஒரு டீக்கு நாலு கரண்டி. அதுலதான் கொழுப்பு இல்லியே?"

ஊசி குத்தத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. ஏளனம் செய்யவே வாய்க்கு நேரம் போதவில்லை.

"கடைய மூடிட்டு உடனே வாங்கண்ணே. வாசல்ல நிக்கிறேன்."

அரை மணி நேரத்தில் அவர் குனிந்தபடியே வந்தார். அவளைக் கண்டதும், "மன்னிச்சிடும்மா, ரெண்டு தடவ உனக்குத் தொந்தரவு" என்றார்.

அவள் முடிவுத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருக்குத் தோள் கொடுத்து, மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.