தொட்டித் தண்ணீர்

பாடை காப்பிச் செடிகளுக்குள் மறைந்ததும் கலாவதி காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஊற்றடியில் ஒரு மணி நேரம் காத்திருந்து பிடித்த அந்த ஒரு குடத்தில்தான் அப்பாவைக் குளிப்பாட்டியிருந்தார்கள். முதுகு சரியாக நனையவேயில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தாளவில்லை.

அப்பா அம்மாசி அந்த எஸ்டேட் பங்களாவின் காவலாளி. அவள் அங்கே சமையல். இருவரும் இருந்த வீடு முதலாளி கொடுத்தது. பங்களாப் புல்தரையில் இரும்புக் கால்களை நிறுத்தி, நீல ஷீட்டைக் கட்டி, நெஞ்சு உயரத்துக்கு ஒரு நீச்சல் தொட்டி. கொரோனாவுக்குப் பிறகு யாரும் தொடாமல் சருகும் தவளையுமாகக் கிடந்தது. சனிக்கிழமை விருந்தினர் வருவதாகத் தகவல் வந்ததும் அப்பா நாலு நாள் உள்ளே இறங்கிப் பாசியைத் தேய்த்தார், கிழிசலுக்கு ஒட்டுப் போட்டார். நேற்று குப்பனூர் ரோட்டில் ஏறி வந்த டேங்கர் லாரிகள் அதை நிரப்பிவிட்டுப் போயின. பிளீச்சிங் பவுடர் கலக்கிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை.

முதலாளி காலையிலேயே போன் செய்தார். "கலா, அப்பாவுக்கு ஆக வேண்டியதப் பாரும்மா. நாளைக்கு கெஸ்ட் வந்துருவாங்க, பூல் ரெடிதானே? இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்க. வீட்டைப் பத்திக் கவலைப்படாதே."

கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்த அளவில் பரிவாகத்தான் பேசினார்.

"ரெடிங்க சார்" என்றாள்.

செம்மநத்தத்திலிருந்து வந்திருந்த வீராயி அத்தை இப்போது பெண்களோடு வாசலில் நின்றாள். "ஏங்கண்ணு, தண்ணி வாக்காம எப்படி உள்ள வாரது?"

"குழாய்ல மூணு நாளா வரலீங்க அத்தை."

அத்தையின் கண் ஒரு கணம் தொட்டிப் பக்கம் போனது.

"அது வேண்டாமுங்க. அத நம்பித்தான் இந்த ஊடே இருக்குது."

"நாங் கேக்கலியே சாமி" என்றாள் அத்தை.

இடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பினார்கள். ஈமக்கடன் செய்த சித்தப்பா பெரியண்ணனின் கழுத்தில் மழித்த முடி ஒட்டியிருந்தது, காலில் குழி மண். நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள். பக்கத்து வீட்டில் ஆக்கிய சோறு ஆறிக்கொண்டிருந்தது. குளிக்காமல் யாரும் உள்ளே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. ஒருவர்கூடத் தொட்டிப் பக்கம் பார்க்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"பரவாயில்ல கண்ணு, நாங்க இப்படியே பஸ் ஏறிக்கறோம்" என்றார் சித்தப்பா. "ஊர்ல போயி வாத்துக்கறோம்."

குழி மண்ணோடு, பட்டினியாக, அப்பாவின் ஜனம் பஸ் ஏறப் போகிறது. கலாவதிக்கு அப்பா மேலேயே கோபம் வந்தது. மனுஷன் இத்தனை சுத்தமாகத் தேய்த்து வைத்திருக்க வேண்டாம்.

அவள் புல்தரைக்கு நடந்து போய் தொட்டியின் அடியில் இருந்த வடிகுழாயில் ஹோஸை மாட்டினாள். வால்வைத் திருகினாள்.

"வாங்க சித்தப்பா. குனிங்க."

"வேண்டாஞ் சாமி. ஊடு போயிரும்."

"குனிங்க."

மழித்த தலையில் தண்ணீர் விழுந்தது. பிறகு ஆண்கள், பிறகு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள். மருந்து கலந்த தண்ணீரில் கண் எரிந்தவர்களெல்லாம் இப்போது தயங்காமல் அழுதார்கள். வீராயி அத்தை தலைமுடியை அவிழ்த்துப் போட்டு அண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தொட்டியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் கலாவதி வால்வை மூடினாள். முழுக்க வடித்தால் ஷீட் சுருங்கிவிடும்.

அவள் ஒருத்திதான் பாக்கி. ஏணியில் ஏறி, சேலையோடு உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். அத்தை போனை நீட்டினாள்.

"மொதலாளிங்க, கண்ணு."

"பூல் ரெடி இல்லைங்க சார்" என்றாள் கலாவதி. "எங்கப்பாவப் பொதைச்சுட்டு வந்தவங்களுக்குத் தண்ணி வாக்க விட்டுட்டனுங்க."

அவள் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை முக்கினாள்.

எழுந்தபோது வாசலில் பந்தி போட்டிருந்தார்கள். ஈரத் துணியோடு நாற்பது பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சோற்றில் கை வைக்காமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.