விருந்தாளி படுத்திருந்த வீடு

மத்தியானத்திலிருந்து மழை. மரச்சட்டத்தில் கம்பளி போர்த்தி நிறுத்திய மூன்று கம்பளி வீடுகளிலும் ஆள். குதிரையேறி ஏரியைச் சுற்றிவந்த வெள்ளைக்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். ஒருத்திக்கு வெந்நீர், ஒருத்தனுக்கு இறைச்சி போடாத சூப்பு. இறைச்சி தின்னாதவனுக்கு இந்த மலையில் என்ன வேலை என்று கேட்கவும் முகாம் நடத்தும் சாய்க்காலுக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை.

லாரி வந்து நின்றது. புருஷன் தோரோன்பெக் இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணன் போயிட்டாரு."

"எப்ப?"

"விடிகாலைல. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு உக்காந்தாரு. அவ்வளவுதான்."

கம்பளி வீட்டை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அடக்கம் பண்ணும்வரை செத்தவர் கம்பளி வீட்டில்தான் கிடக்க வேண்டும். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள், வாசலில் ஆண்கள் கோலூன்றி நின்று அழுவார்கள். அது இல்லாமல் போனவனை நாதியற்றவன் என்பார்கள். ஊரிலோ இப்போது ஒன்றுகூடக் கிடையாது. கூட்டுப்பண்ணை கலைந்து, ஆட்டு ரோமத்தைச் சீந்துவார் இல்லாமல் போனபின், எல்லாரும் சுற்றுலாவை நம்பித் தங்கள் கம்பளி வீடுகளை ஏரிக்கரைக்கு ஏற்றிவிட்டார்கள். இங்கே மூன்றில் ஓரமாய் நிற்பது மூத்தாருடையது, இப்போது செத்துப்போன அந்த அண்ணனுடையது. 'சும்மாதானே மடிச்சுக் கிடக்கு, விருந்தாளிய தங்கவச்சுப் பொழச்சுக்கம்மா' என்று அவரே கொடுத்தது.

குழுவைக் கூட்டிவந்த நகரத்துப் பையன் எர்மெக் கையைப் பிசைந்தான்.

"அக்கா, உங்க துக்கம் புரியுது. இந்த மழைல இவங்கள எங்க படுக்க வைப்பேன்? வேன்ல படுங்கன்னு சொன்னா, கம்பெனில லிஸ்ட்லேருந்து இந்த ஏரியையே அடிச்சிடுவாங்க. அடுத்த வருஷம் ஈ காக்கா வராது."

அடுத்த வருஷம் குழு வந்தால்தான் மெடெர் வருவான். மாஸ்கோவில் மூட்டை தூக்குகிற மகன். 'நிச்சயம்னா சொல்லும்மா, வந்து குதிரைங்களப் பாத்துக்கறேன்' என்றிருந்தான். நாலு வருஷமாக அவன் முகத்தைப் போனில்தான் பார்க்கிறாள், பாவி மகள்.

"என்னங்க, காலைல இவங்க கிளம்பிடுவாங்க. ஒரு ராத்திரி பொறுத்துக்கச் சொல்லுங்க."

"அது அவரு வீடுடி."

"எனக்குத் தெரியாதா?"

தோரோன்பெக் தொப்பியை மாட்டிக்கொண்டான். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒருவேளை அவள் மனசு மாறியிருக்கும். காலி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

காலையில் விருந்தாளிகள் அவளைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஈரக் கம்பளியை அவிழ்த்து, பக்கத்து முகாம்காரன் லாரியில் ஏற்றிப் புறப்பட்டாள். கணவாயைத் தாண்டியதும் போன் அடித்தது. எர்மெக்.

"அக்கா, அடுத்த வருஷம் மூணு குழு. கம்பெனில முடிவு பண்ணிட்டாங்க."

மகனைக் கூப்பிடக் கை பரபரத்தது. சாவுக்குப் போகிற வழியில் நல்ல சேதி சொல்லக்கூடாது என்று போனை உள்ளே வைத்தாள்.

மூத்தார் வீட்டு முற்றத்தில் ஆண்கள் கோலூன்றி அழுதுகொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நீல நைலான் கூடாரம். மலையேற வந்த யாரோ விட்டுப்போனது. அதற்குள்தான் மூத்தாரைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே இரண்டு பெண்களுக்கு மேல் இடமில்லை. மற்றவர்கள் வெளியே சேற்றில் உட்கார்ந்து, நைலானைப் பார்த்து ஒப்பாரி வைத்தார்கள்.

சாய்க்கால் மண்டியிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போனாள். மூத்தாரின் மனைவி, ஓரகத்தி பாத்மா அவளைக் கட்டிக்கொண்டாள். ராத்திரி முழுக்க அழுது அவளுக்குக் குரலே இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. கோபமிருந்தால் சாய்க்கால் அவள் காலில் விழுந்திருப்பாள்.

"ராத்திரி நல்ல மழை. வந்தவங்களுக்குக் குளிரலையே, தங்கச்சி?"

நிஜமாகவேதான் கேட்டாள்.

"இல்லக்கா," என்றாள் சாய்க்கால். "நல்லாத் தூங்கினாங்க."