ஆட்டு விலையும் அம்பு விலையும்

பகடை விளையாட்டின் விதிப்புத்தகத்தில் செம்மறி ஆட்டுக்கு ஒரே விலைதான், இரண்டு பொற்காசு. சினை ஆடானாலும் சொறி பிடித்த ஆடானாலும் அதே இரண்டு. டூகலுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"டிராகனுக்கு எத்தனை நகம்னு எழுதி வெச்சிருக்கான். ஆட்டோட வாயைப் பிளந்து பல்லை ஒரு தடவை பாத்திருக்கானா? இத எழுதினவன் ஆட்டைத் தட்டுல மட்டும்தான்யா பாத்திருப்பான்!"

"தட்டுல பாத்தாப் போதும்டா, என் பொழைப்பு அதுலதான் ஓடுது" என்பான் கசாப்புக்கடை கார்த்.

ஞாயிறு மதியமானால் ஊர் கிளப்பின் பின்னறையில் இந்தச் சண்டை இல்லாமல் ஆட்டம் தொடங்காது. ஆட்டத்தை நடத்துகிறவள் நெரிடா. வாரம் முழுக்கத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு ராஜ்யத்தின் மழையும் வெயிலும் திருடனும் ராஜாவும் அவள் வாயில் இருக்கும். மற்றவர்கள் அவள் சொல்லும் உலகத்தில் ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டிப் பிழைக்க வேண்டும். புதையல் கிடைத்தால் கார்த் வாள் வாங்குவான். டூகல் கட்டும் வேஷமான ஹார்ன் என்ற கிழட்டுச் சிப்பாய் ஆடு வாங்குவான். கேலி செய்வார்கள்தான், ஆனால் ஓர் அளவோடு.

காரணம் ஊருக்கே தெரியும். மழை பொய்த்த மூன்றாவது வருஷம் டூகலின் மெரினோ கம்பளி ஆடுகளை வாங்க நாதியில்லை. லாரி வாடகைக்குக்கூட அவை தேறவில்லை. தீனியும் தீர்ந்தபோது பள்ளம் தோண்டித் தானே சுட்டான். அன்று வெடிச்சத்தம் கடைவீதி வரை கேட்டது. கேட்டவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், வேறென்ன செய்வார்கள்! அதைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கிரிக்கெட், சர்ச், மதுக்கடை என்று அவன் போவதெல்லாம் நின்றுபோனது. அவன் தங்கை ப்ரோன்வின் ஒருநாள் தபால் நிலையத்தில் நெரிடாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டை விட்டு அவன் வெளிய வர்றது உன் ஆட்டத்துக்கு மட்டும்தான். இதுவும் நின்னுச்சுன்னா எனக்கு பயமா இருக்கு நெரிடா. எப்படியாவது வர வெச்சுக்கோ."

அன்றிலிருந்து நெரிடாவுக்கு அதே கவலை. அவனைச் சந்தோஷப்படுத்த ஒரு வழிதான் தோன்றியது. ஓய்வு பெற்ற கால்நடைத் தரகர் ஒருவரைத் தேடிப் போய், ஆட்டுக்கு விலை எப்படி விழுகிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பல், கம்பளி, சினை, மேய்ச்சல், சந்தைக்கு எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் புது விதி போட்டாள். அடுத்த ஞாயிறு அதை அறிவித்ததும் டூகலின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா, ஒருவழியா மூளை வந்துடுச்சு உனக்கு! சரி, ஹார்ன் மந்தையச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறான். மொத்தத்தையும் வித்துட்டு நல்ல ஜாதி ஆடா வாங்கப் போறான். சொல்லு விலைய."

நெரிடா உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். மேய்ச்சல் கணக்குக்கு வந்ததும் தடுமாறினாள். கதை சுவைக்கட்டும் என்று போன மாதம்தான் ஒரு சூனியக்காரியைக் கொண்டு ராஜ்யத்தின் ஆறுகளை எல்லாம் வற்ற வைத்திருந்தாள். அந்தச் சாபத்தையும் இந்த விதியையும் சேர்த்துப் பார்க்க அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. புல் இல்லை, கழி. எல்லோரும் விற்கிறார்கள், கழி. சுங்கம், கழி.

"விலை..." என்றாள். "கேக்க ஆளில்ல."

கார்த் அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "ஏய், யாராவது பணக்கார மந்திரவாதி வருவான்ல? கம்பளிப் பைத்தியம் பிடிச்சவன்!"

"ஆமா, ஆமா, அதோ ஒருத்தன் குதிரையில..." என்றாள் நெரிடா.

"வேண்டாம்" என்றான் டூகல். "விலை சரியாத்தான் இருக்கு. அம்பு ஒண்ணு என்ன விலை?"

நெரிடாவுக்கு அது மனப்பாடம். ஆனாலும் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். கார்த்தான் மெதுவாகச் சொன்னான், "ஒரு செப்புக்காசு."

"அப்ப அம்புதான் ஒசத்தி. ஹார்ன் மந்தைய ஊருக்கு வெளிய ஓட்டிட்டுப் போறான்."

"மொத்தமா முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம் டூகல். உருட்ட வேண்டாம்" என்று கெஞ்சினாள் நெரிடா.

"மொத்தமா எப்படி முடியும்? ஒவ்வொண்ணாத்தான்."

உருட்டினான். ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு தடவை. கார்த்தின் பியர் தொடாமலே சூடேறியது. கடைசி ஆட்டுக்குப் பகடையில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் குறி தப்பியது என்று அர்த்தம், என்ன ஆயிற்று என்று நெரிடாதான் சொல்லியாக வேண்டும்.

"அம்பு உரசிட்டுப் போயிடுச்சு" என்றாள். "ஆடு மலைக்கு அந்தப் பக்கம் ஓடிடுச்சு. அங்க புல் இருக்கு."

"அடிபட்ட ஆடு ஓடாது நெரிடா. படுத்துக்கும். கத்தக்கூடக் கத்தாது. நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்."

பிறகு அவன் செய்ததைப் பார்த்துக் கார்த் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த மேசையில் ஒருவர் பகடையை இன்னொருவர் தொட மாட்டார்கள். ராசி போய்விடும். கைதவறித் தொட்டதற்கே சண்டை வந்திருக்கிறது. டூகல் தன் பகடையை நெரிடாவின் பக்கம் தள்ளினான்.

"இத நீ உருட்டு. அன்னைக்கும் கடைசி ஒண்ணு இப்படித்தான் ஆச்சு. அதுக்கு மேல எனக்குக் கை வரல. வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். சாயங்காலம் போய்ப் பாத்தேன், அப்பவும் உயிர் இருந்துது."

நெரிடா பகடையை எடுத்தாள். அவன் கைச்சூடு அதில் இருந்தது. உருட்டினாள். எந்த எண் விழுந்தது என்று அவள் பார்க்கவே இல்லை, உடனே கையால் மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சுது டூகல். அதுக்கு வலி ஒண்ணுமே தெரியல."

அவ்வளவு பெரிய மனுஷன் மேசையில் விரித்திருந்த ராஜ்ய வரைபடத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். கார்த் அவன் முதுகில் கையை வைத்தான்.

வெகுநேரம் கழித்து டூகல் எழுந்து தொப்பியை எடுத்தான். அடுத்த வாரம் வருவாயா என்று கேட்க நெரிடாவுக்குப் பயமாக இருந்தது. பகடையை நீட்டினாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறு ஹார்னுக்கு வேற பொழைப்பு ஏதாவது பாத்து வை" என்றான். "படகு ஓட்டட்டும், மண்ணு சுமக்கட்டும், எதுவானாலும் சரி. ஆடு மட்டும் வேண்டாம்."