எட்டு மணிக் கட்டம்

மாமா போனை எடுக்கவில்லை. இது மூன்றாவது தடவை. அவரும் அப்பாவும் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்து இரைச்சலில் மணி கேட்டிருக்காது என்று மகள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழே முக்கால்.

அவள் கையிலிருந்தது அப்பாவின் சாப்பாட்டுப் பையில் கிடந்த கார்பன் நகல். நிலக்கரிச் சாம்பல் விழும் தொட்டிகள் காலியா, நிரம்பியதா என்று மணிக்கொரு தடவை பார்த்து எழுதும் தாள். அசல் அங்கேயே இருக்கும். இரவு எட்டு மணி வரை ஷிப்ட். "சீக்கிரம் விட்டுட்டாங்க" என்று ஆறரைக்கே வந்துவிட்டார் அப்பா. ஐந்தாம் தொட்டிக்கு நேரே எட்டு மணிக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் 'காலி' என்றிருந்தது.

"அப்பா, இன்னும் எட்டே ஆகலையே. எப்படி எழுதினீங்க?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் பையை ஏன் குடையிற?"

"பார்த்துட்டா எழுதினீங்க?"

"உங்கம்மா போதாதுன்னு நீ வேற விசாரணைக் கமிஷனா? எல்லாரும் இப்படித்தான் எழுதுறோம்."

"தொட்டி நிரம்பினா எச்சரிக்கை விளக்கு எரியுமே?"

"சும்மா சும்மா எரியுதுன்னு கழட்டி வெச்சாச்சு."

"எட்டு மணிக்கு அஞ்சாம் தொட்டியோட அடிக்கதவை ரிப்பேருக்குத் திறக்கணும்னு மாமா காலையிலயே சொன்னாரு. உங்க தாளைப் பார்த்துத்தானே திறப்பாரு?"

அப்பாவின் முகம் வெளுத்தது. நிரம்பிய தொட்டியைத் திறந்தால் சுடுசாம்பல் தண்ணீர் மாதிரி கொட்டும், ஓட நேரம் இருக்காது என்று அவளுக்குச் சொன்னவரே அவர்தான். போனை எடுத்தார். கட்டுப்பாட்டு அறை எண் திரையில் வந்தது. விரல் அங்கேயே நின்றது. யாரிடமும் சொல்லாமல் நேரத்துக்கு முன் கிளம்பிவந்தது இப்போது தெரிந்துபோகும். அவர் மாமாவை நினைக்கிறாரா, வேலையை நினைக்கிறாரா? அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. இரைச்சலை மீறிக் கத்தும் குரல் அவளுக்கும் கேட்டது. மாமா.

"மச்சான், தாள்ல காலின்னு போட்டிருக்கீங்க. சுத்தியலால தட்டினா தொப்புன்னு கேட்குது. காலின்னா கணீர்னு இல்ல கேட்கணும்? உங்க எழுத்தை நம்பவா, என் காதை நம்பவா?"

"திறந்துடாதப்பா. பார்க்காமதான் எழுதினேன்."

"அக்கா பக்கத்துல இல்லையே?" என்றார் மாமா. "வந்து அந்தக் 'காலி'யை உங்க கையாலயே அடிச்சுத் திருத்துங்க. அந்த விளக்கையும் மாட்டுங்க."

அப்பா சட்டையை மாட்டினார். "கண்ணால பார்க்காததை எழுதவே கூடாதும்மா. நம்ம எழுத்தை நம்பித்தான் இன்னொருத்தன் கதவைத் திறக்கறான்."

வாசலில் ஒரு செருப்பைப் போட்டவரிடம் அவள் மெல்லக் கேட்டாள்.

"மாமா கூப்பிடலேன்னா, நீங்க கூப்பிட்டிருப்பீங்களாப்பா?"